பெட்டி செத்துப்போனால் ஆள்தான் போக வேண்டும்

அந்தப் பெட்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பக்கம் ஒன்பது பின் கொண்ட சீரியல் போர்ட், இன்னொரு பக்கம் நெட்வொர்க் கேபிள் சொருகும் துளை, முகப்பில் மூன்று குட்டி விளக்குகள். பேனலுக்குள் டின் ரெயில் என்ற உலோகப் பட்டையில் ஃபியூஸுக்கும் பவர் சப்ளைக்கும் நடுவில் மாட்டியிருக்கும். சைட்டில் நாங்கள் இதைக் கன்வர்ட்டர் என்போம். பழைய மீட்டரும் ரிலேயும் சீரியல் கம்பியில் பேசுவதை வாங்கி நெட்வொர்க்கில் அனுப்பும், அங்கிருந்து வரும் உத்தரவை வாங்கி இவற்றிடம் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. பத்து வருஷம் ஓடினாலும் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு குடிநீர் நீரேற்று நிலையத்தில் அப்படி ஒரு பெட்டி என் கையால் செத்தது. ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் அதன் மென்பொருளை, புதுப்பிக்கத்தான் போயிருந்தேன். லேப்டாப்பில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன், பச்சைக் கோடு பாதி தாண்டியிருக்கும், கரண்ட் போய்விட்டது. பேனலுக்கு யூ.பி.எஸ். உண்டு, ஆனால் அதன் பேட்டரி எப்போதோ உப்பிப் போயிருந்தது. தொடங்கும் முன் நான் அதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் பவர் விளக்கு எரிந்தது. அதற்கு அடுத்து 'ரெடி' என்று எழுதியிருக்கும் விளக்கு எரியவே இல்லை. குண்டூசியால் ரீசெட் துளையைக் குத்திப் பார்த்தேன், பிங் அடித்துப் பார்த்தேன், மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் நாலு பின்னில் கேபிள் மாட்டிப் பார்த்தேன், ஒரு எழுத்துகூட வரவில்லை. பெட்டி எழுந்ததும் முதலில் ஓட வேண்டிய பூட்லோடரே அழிந்திருந்தது. இந்த நிலையைத்தான் எங்கள் தொழிலில் பிரிக் ஆகிவிட்டது என்கிறோம். செங்கல்லிடம் எதைக் கேட்க முடியும்?

மாற்றுப் பெட்டி எண்பது கிலோமீட்டர் தள்ளி ஆபீஸில் இருந்தது. போய் எடுத்துவந்து மாட்டி, பழைய செட்டிங் எல்லாம் போட்டு முடிக்கும்போது ராத்திரி இரண்டு மணி. அதுவரை ஊருக்குத் தண்ணீர் நிற்கவில்லை, காரணம் அங்கே இருந்த ஆபரேட்டர் அண்ணன். பேனல் கதவில் இருக்கும் செலக்டர் ஸ்விட்சை ரிமோட்டிலிருந்து லோக்கலுக்குத் திருப்பினார், மோட்டாரைக் கையால் ஓட்டினார். "தம்பி, உங்க கம்ப்யூட்டர் வர்றப்ப வரட்டும். ஓவர்ஹெட் டேங்க்ல லெவல் எவ்வளவுன்னு யாராச்சும் போன்ல சொன்னா போதும்" என்றார்.

உக்ரைனில் ஹேக்கர்கள் மின்சாரத்தைத் துண்டித்த தாக்குதலைப் பற்றி 2016இல் வந்த அறிக்கையை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனால் அதில் கன்வர்ட்டர்களைப் பற்றி வரும் சில வரிகள் எவ்வளவு பயங்கரமானவை என்று அந்த ராத்திரிக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

2015 டிசம்பர் 23, மதியம் தாண்டிய நேரம். மேற்கு உக்ரைனில் இவானோ-ஃப்ராங்கிவ்ஸ்க் பகுதிக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. ஆபரேட்டர் கண்ணெதிரே மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. யாரும் தொடவில்லை. அது திரையில் ஒரு பிரேக்கரின், அதாவது லைனில் கரண்டைத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்சின், படத்துக்குப் போய் அதைத் திறந்தது, உறுதி செய்யவா என்று வந்த கேள்விக்கும் அதுவே பதில் சொன்னது, அடுத்த பிரேக்கருக்குப் போனது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்தும் பலிக்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அவருடைய லாகினே வெளியேற்றப்பட்டு, பாஸ்வேர்டும் மாற்றப்பட்டிருந்தது. அன்றைக்கு மூன்று விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டன, முப்பது துணைமின் நிலையங்கள் அளவில் அணைந்தன, ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில். உள்ளே வந்தவர்கள் அன்று வந்தவர்களும் இல்லை. மாதக்கணக்கில் முன்பே, மெயிலில் வந்த ஒரு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஃபைலை யாரோ திறந்ததில் நுழைந்தவர்கள்.

இதுவரையிலான கதை பலருக்குத் தெரியும். பிரேக்கரைத் திறந்தார்கள், கரண்ட் போனது. ஆனால் யோசித்துப் பாருங்கள், திறந்த பிரேக்கரை மூடுவது பெரிய வேலையா? வேறு ஒரு கணினியில் உட்கார்ந்து, அதே திரையில், ஒவ்வொன்றாக மூடினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தாக்க வந்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால் துணைமின் நிலையங்களில் இருந்த அந்தக் குட்டிக் கன்வர்ட்டர்களின் ஃபர்ம்வேர் மேல் தாங்கள் தயாரித்த வேறொரு ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டார்கள். வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஃபர்ம்வேர். அதற்குப் பிறகு கட்டுப்பாட்டு அறையிலிருந்து எந்த உத்தரவு அனுப்பினாலும் பிரேக்கர்வரை போய்ச் சேராது, நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் செத்துவிட்டாரே. போதாதென்று கணினிகளின் டிஸ்க்குகளை அழித்தார்கள், கட்டுப்பாட்டு அறைக்கே கரண்ட் போகும்படி யூ.பி.எஸ்ஸை நேரம் குறித்து அணைத்தார்கள், புகார் சொல்லக் கூப்பிடும் மக்களின் அழைப்பு நுழைய முடியாதபடி கால் சென்டருக்குப் பொய் அழைப்புகளைக் கொட்டினார்கள்.

நான் ஒரு பெட்டியைத்தான் கெடுத்தேன், அதுவும் தெரியாமல், அதற்கே எண்பது கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது. அங்கே பனிக்காலத்தில், ஒரே நேரத்தில், பல ஊர்களில். ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையமாகப் போய்ப் பிரேக்கர்களைக் கையால் மூடினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் எல்லா இடத்திலும் கரண்ட் வந்துவிட்டது. அது பெரிய சாதனை, நான் மனதாரச் சொல்கிறேன். அவர்களுடைய பிரேக்கர்கள் பழையவை, கையால் இயக்கும் வசதி இருந்தது, இயக்கத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். அப்படியும் இரண்டு மாதம் கழித்து, சில நிலையங்களின் பிரேக்கர்களைத் தொலைவிலிருந்து இயக்க முடியாமல் ஆட்கள்தான் கையால் இயக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஃபர்ம்வேர் தாக்குதல் மற்றதிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். கணினியில் வைரஸ் வந்தால் ஃபார்மட் போட்டுப் பேக்கப்பிலிருந்து எடுக்கிறோம், ஒரே ஆள் ஆபீஸில் உட்கார்ந்து நூறு கணினிக்கு அதைச் செய்யலாம். பெட்டியின் உள்ளே ஃப்ளாஷ் சில்லில் இருக்கும் மென்பொருளே போய்விட்டால், அதற்குக் கட்டளை அனுப்ப நமக்கு வேறு வாயே கிடையாது. ஆள் போக வேண்டும். பெட்டி மலையில் இருந்தாலும், காற்றாலையின் உச்சியில் இருந்தாலும், மனிதனின் நெஞ்சுக்குள்ளேயே இருந்தாலும். 2017இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு, வெளியாள் ரேடியோ வழியாக அதன் வேலையை மாற்றிவிடக்கூடும் என்பதால் ஃபர்ம்வேர் மாற்றச் சொன்னார்கள். நோயாளி ஒவ்வொருவரும் மருத்துவரிடம் நேரில் போய்த்தான் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, வீட்டிலிருந்தபடி முடியாது.

சரி, பெட்டி ஏன் கண்டவன் அனுப்பும் ஃபர்ம்வேரை வாங்கிக்கொள்கிறது? பழைய சாதனங்கள் பலவும் வரும் ஃபைலில் ஒன்றைத்தான் சரிபார்க்கும்: செக்சம் பொருந்துகிறதா. அது பார்சல் கிழியாமல் வந்ததா என்று பார்ப்பதற்குச் சமம். அனுப்பியது யார் என்பதை அது பார்ப்பதே இல்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் தயாரித்தவர் தன் ரகசியச் சாவியால் ஃபைலில் கையொப்பமிட வேண்டும், பெட்டி அந்தக் கையொப்பத்தைச் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும். அப்புறம் ஃப்ளாஷில் இரண்டு இடம் ஒதுக்கி, புதியதை ஒன்றில் ஏற்றி, அது சரியாக எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பும்படி வைக்க வேண்டும். இது இருந்திருந்தால் என் பெட்டி அன்று கரண்ட் போனதில் செத்திருக்காது. ஃப்ளாஷ் கொஞ்சம் பெரியதாக வேண்டும், கூடுதல் விலை சில ரூபாய்தான். அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடித்த பெட்டிகள் இன்றைக்கும் எத்தனை பேனல்களில் தொங்குகின்றன என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கையொப்பம் இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த அதே விடியற்காலை, வையாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையத்தில் பல்லாயிரம் மோடம்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. தாக்கியவர்கள் தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு வி.பி.என்., அதாவது வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குள் வர வைத்திருக்கும் வாசல், வழியாக நிர்வாக நெட்வொர்க்குக்குள் நுழைந்திருந்தார்கள். அங்கிருந்து மோடம்களுக்குப் போனவை முறையான நிர்வாகக் கட்டளைகள். நிறுவனமே தினமும் அனுப்பும் வகைதான். அதன் வழியாக ஃப்ளாஷில் முக்கியமான பகுதிகள் மேல் குப்பையை எழுதினார்கள். வீட்டுச் சாவிக் கொத்தையே ஒருவன் எடுத்துக்கொண்ட பிறகு பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன?

அந்த மோடம்களில் ஒரு பங்கு ஜெர்மனியில் காற்றாலைகளில் இருந்தது. எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள், மொத்தம் 11 கிகாவாட், தொலைக் கண்காணிப்பு இல்லாமல் போயின. உக்ரைன் படையின் தகவல் தொடர்பைக் குறிவைத்து எறிந்த கல், எல்லை தாண்டி எங்கோ வயல்வெளியில் நிற்கும் காற்றாலையில் விழுந்தது. நல்லவேளை, காற்றாலைகள் தாமாக ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை, இறக்கை நிற்கவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. பார்க்கவும் கட்டளையிடவும் மட்டும்தான் முடியாமல் போனது. வையாசாட் புதிதாக 30,000 மோடம்கள் அளவுக்கு அனுப்பிவைத்தது. பெட்டியாக, லாரியில், ஆள் போய் மாட்ட வேண்டிய மோடம்கள்.

இது பெரிய நாடுகளின் போர்ச் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். எனக்கும் அப்படித் தோன்றிய காலம் உண்டு, என் வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தை ஒருநாள் நிதானமாகத் திறந்து பார்க்கும்வரை. ஃபர்ம்வேர் தேதி 2019. பாஸ்வேர்டு, பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்த அதே சொல், அதே மாடல் வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் அதே. வெளியிலிருந்து நுழைந்து நிர்வகிக்கும் வசதி திறந்தே கிடந்தது. பிராட்பேண்ட் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, நெட் நல்லா வருதுல்ல? அப்புறம் எதுக்குண்ணே அப்டேட்டு?" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர் மாட்டும் பெட்டிக்குத் தயாரித்தவரே புது ஃபர்ம்வேர் விடுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன.

இந்த மாதிரி ரவுட்டர்களைத்தான் தேடுகிறார்கள். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் நெட்வொர்க்கில் மாட்டும் தகவல் சேமிப்புப் பெட்டிகளிலும் இருப்பது தெரியவந்தது. அதற்கு முன்பு 2016இல் வந்த மிராய் என்ற மால்வேர், அணைத்துப் போட்டால் போய்விடும், அது நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. விபிஎன்ஃபில்டரின் முதல் பகுதி அணைத்துப் போட்டாலும் போகாது, வேண்டும்போது பெட்டியின் ஃபர்ம்வேரை அழித்து அதைச் செங்கல்லாக்கும் கட்டளையும் அதனிடம் இருந்தது. என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று: அந்த ரவுட்டர் வழியாகப் போகும் தகவலில் மோட்பஸ் இருக்கிறதா என்று பார்க்க அதில் தனியாக ஒரு பகுதி எழுதி வைத்திருந்தார்கள். மோட்பஸ் என்பது நான் தினமும் புழங்கும் பாஷை, பம்பும் வால்வும் மீட்டரும் பேசுவது. இணையத்தில் படம் பார்க்கிறவர் வீட்டில் அதற்கு வேலையே இல்லை. ஆகவே சின்ன ரவுட்டர் மாட்டிய நீரேற்று நிலையத்தையும் தொழிற்சாலையையும் மனதில் வைத்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள்.

2024 ஜனவரி 31 அன்று அமெரிக்க நீதித்துறை ஒரு நடவடிக்கையை அறிவித்தது. வோல்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட சீனக் குழு, தயாரிப்பாளர் ஆதரவு நிறுத்திய பழைய சிஸ்கோ, நெட்கியர் ரவுட்டர்களை நூற்றுக்கணக்கில் பிடித்து, அவற்றின் மறைவில் நின்று மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து நிறுவனங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. எஃப்.பி.ஐ. நீதிமன்ற அனுமதி வாங்கி, சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் அந்த ரவுட்டர்களிலிருந்து மால்வேரை நீக்கியது. ஆனால் ரவுட்டரை அணைத்துப் போட்டால் எஃப்.பி.ஐ. போட்ட தடுப்பும் போய்விடும், பழைய ஓட்டை அப்படியே இருக்கும், திரும்ப அதே தொற்று வரலாம். நிரந்தரமாக அடைக்க வழியே இல்லை, அடைக்க வேண்டிய ஃபர்ம்வேரை எழுத ஆள் இல்லை. ஒரு நாட்டின் புலனாய்வுத் துறைக்கே இந்தக் கதி.

அதே அமெரிக்காவில் 2023 அக்டோபர் 25 முதல் 27 வரை, ஒரே இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் இருந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் மூன்றே நாளில் செத்தன. லூமென் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல மாதம் கழித்து இதைத் தோண்டி எடுத்தார்கள். பெட்டிகளைச் சரிசெய்ய முடியவில்லை, மாற்றத்தான் வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் இணைப்பு தரும் இடங்களில் கணிசமானவை வேறு வசதி குறைந்த கிராமப்புறங்கள். அங்கே அவசர உதவிக்கு அழைப்பதும், மருத்துவமனை கோப்பைத் திறப்பதும், விவசாயி தன் நிலத்தைப் போனில் கவனிப்பதும் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான்.

இப்போது நம் பக்கம். நம் நாட்டில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவது அரசின் இலக்கு. அந்த மீட்டருக்குள் ஒரு ரிலே இருக்கிறது, ஆபீஸிலிருந்தே வீட்டின் இணைப்பைத் துண்டிக்கவும் கொடுக்கவும் முடியும். ஃபர்ம்வேரையும் ஆள் போகாமல் தொலைவிலிருந்தே மாற்ற முடியும். நான் இதற்கு எதிரி கிடையாது, மின் திருட்டையும் கணக்கில் வராத இழப்பையும் பிடிக்க இது உதவும் என்று நம்புகிறவன். ஆனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு லட்சம் மீட்டர் ஒரே ராத்திரியில் ரிலேயைத் திறந்துவிட்டுச் செங்கல்லானால், ஒரு லைன்மேன் நாளைக்கு முப்பது மீட்டர் மாற்றுவார் என்று வைத்துக்கொண்டால்கூட, 3,300 ஆள்-நாளுக்கு மேல் வேலை. மாற்றுவதற்கு ஒரு லட்சம் புது மீட்டர் எந்தக் கிடங்கில் இருக்கும்? ஒரு லட்சத்துக்கும் ஒரே நேரத்தில் ஃபர்ம்வேர் அனுப்ப முடியும் என்பதை வசதியாக எழுதுகிற டெண்டரில், ஒரே நேரத்தில் இத்தனைக்கு மேல் அனுப்பக் கூடாது, ஆயிரத்துக்கு அனுப்பிவிட்டு ஒருநாள் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன கெட்டுவிடும்?

நல்லதும் நடக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் விற்கலாம். ஃபர்ம்வேர் கையொப்பம், போர்டில் பழுது பார்ப்பதற்காக வைத்துத் திறந்தே கிடக்கும் டீபக் பின்கள் எல்லாம் அந்தச் சோதனையில் வருகின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பது சட்டவிரோதம், எத்தனை காலம் அப்டேட் தருவோம் என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும். இதே மாதிரியான ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2027 டிசம்பரில் முழுதாக அமலுக்கு வருகிறது. இவை எல்லாம் இனி விற்கப்போகும் பெட்டிகளுக்கு. பேனல்களில் ஏற்கெனவே மாட்டியிருப்பவை எங்கள் பாடு. ரவுட்டர் விஷயத்தில் நான் செய்தது, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன், பிறகு சொந்தக் காசில், இத்தனை வருஷம் அப்டேட் தருவோம் என்று எழுதிக் கொடுத்த ஒரு பெட்டியை வாங்கி மாட்டினேன். சைட்டில் இப்போதெல்லாம் ஒவ்வொரு கன்வர்ட்டருக்கும் செட்டிங் ஃபைலின் நகலும், சோதித்த ஃபர்ம்வேரும், ஒரு உதிரிப் பெட்டியும் அந்த நிலையத்திலேயே பூட்டிய அலமாரியில் வைக்கிறேன். கான்ட்ராக்டர்கள் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

போன மாதம் ஒரு புது நீரேற்று நிலையத்தின் பேனல் டிராயிங் என் மேசைக்கு வந்தது. எல்லாம் திரையில், எல்லாம் நெட்வொர்க்கில், கதவு வழவழவென்று சுத்தமாக இருந்தது. லோக்கல் ரிமோட் செலக்டர் ஸ்விட்சைக் காணோம். கேட்டேன், "அதெல்லாம் இப்ப யாரு சார் யூஸ் பண்றாங்க, செலவு மிச்சம்" என்றார்கள். எண்பது கிலோமீட்டர் ஓடிய அந்த ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற ஆபரேட்டர் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். சிவப்புப் பேனாவால் கதவின் இடது பக்கம் ஒரு வட்டம் போட்டு, அதில் ஸ்விட்சை வரைந்து, வயரிங் நெட்வொர்க் பெட்டி எதையும் தொடாமல் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்சான கான்டாக்டருக்கு நேராகப் போக வேண்டும் என்று பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.